பழசைக் காட்டச் சொன்ன ரஹ்மத் அக்கா

ரஹ்மத் அக்கா இறந்த செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலை எனக்கு வந்தது. அப்போது நான் பிம்ப்ரியில் டயாலிசிஸ் சென்டரின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே என் மனைவி ஹேமாவுக்கு நான்கு மணி நேரத்தில் ஒன்றரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. போனில் அக்காவின் மகள் சபீனா. "உம்மா போயிட்டாங்க அங்கிள். காலையில தொழுகை டைம்ல. மதியம் எடுக்கிறாங்க" என்றாள். புனேயிலேயே பிறந்து வளர்ந்த பெண். தமிழில் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் சொல்ல அவளுக்குக் கஷ்டம். அன்றைக்கு ஹிந்தி கலக்காமல் சொன்னாள்.

வந்துவிடுகிறேன் என்று சொன்னேன். போக முடியவில்லை. அன்றைக்கென்று பார்த்து ஹேமாவுக்கு ரத்த அழுத்தம் இறங்கி, மெஷினை நிறுத்தி, மறுபடி ஆரம்பித்து, எல்லாம் முடிய மதியம் ஆகிவிட்டது. அவளை ஔந்தில் வீட்டில் படுக்க வைத்துவிட்டு நான் கசார்வாடி போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து எல்லோரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் கடை ஷட்டர் இறங்கியிருந்தது. எதிரே பத்து நிமிடம் நின்றுவிட்டு வந்தேன். அழவில்லை. எனக்கு இப்போதெல்லாம் அழுவதற்குக்கூட அசதியாக இருக்கிறது.

இதை வாசிக்கிற புனே தமிழர்களில் பழைய பெட்ரோல் கார் வைத்திருந்தவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். பழைய மும்பை சாலையில் மெட்ரோ பாலத்துக்குக் கீழே, ஒரு டயர் கடைக்கும் வெல்டிங் பட்டறைக்கும் நடுவில் எட்டடி அகலத்தில் இருந்தது அவருடைய ஸ்பேர் பார்ட்ஸ் கடை. கறுப்புப் புர்காவின் முக்காட்டைக் காதுக்குப் பின்னால் இறுக்கிவிட்டுக்கொண்டு, மூக்குக் கண்ணாடி வழியாக ஒரு ஸ்பார்க் பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும் அவரை ஒருமுறை பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உங்களில் பலர் அவரிடம் திட்டும் வாங்கியிருப்பீர்கள்.

கடை அவருடைய கணவர் காஜா பாய் ஆரம்பித்தது. இரண்டு பேரும் கடையநல்லூர். காஜா பாய் ஒருநாள் மதியம் கல்லாவில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார். அக்கா நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருந்தார். கணவனை இழந்த பெண் வெளியே வராமல் வீட்டோடு இருக்க வேண்டிய காலம் அது. கடையை விற்றுவிடுவார்கள் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் ஆள்கூடப் பார்த்து வைத்திருந்தார்களாம். இத்தா முடிந்த மறுநாள் காலை அக்கா போய் ஷட்டரைத் தூக்கினார். கடைக்குள் இருந்த ஒரு சாமானின் பெயரும் அவருக்குத் தெரியாது.

அப்போது பிறந்ததுதான் அவருடைய அந்தப் புகழ்பெற்ற வழக்கம். மெக்கானிக் யார் வந்து எதைக் கேட்டாலும், "ஆதி ஜூனா தாகவ" என்பார். முதலில் பழசைக் காட்டு என்று மராத்தியில் அர்த்தம். பெயர் தெரியாததால் பழையதைக் கையில் வாங்கி, அதைப் போலவே இருக்கிற புதியதை டப்பா டப்பாவாகத் தேடி எடுத்துக் கொடுத்தார். ஒரு வருடத்தில் எல்லாப் பெயரும் அத்துப்படியாகிவிட்டது. ஆனாலும் வழக்கத்தை விடவில்லை. பழையதைக் கொண்டுவராதவனுக்குச் சாமான் கிடையாது. அவசரம், வண்டி நடுரோட்டில் நிற்கிறது என்று சொன்னாலும் கிடையாது. போய்க் கழற்றிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

ஏன் இப்படி ஆட்களை அலைக்கழிக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "வண்டிக்காரர் ஆயிரம் சொல்லுவார் தம்பி. பெட்ரோல் சரியில்லம்பார், மெக்கானிக் சரியில்லம்பார். பிளக்கைக் கழட்டிக் கொண்டாங்க. அது ஒண்ணுதான் உள்ள இருந்துட்டு வந்திருக்கு" என்றார்.

என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பிளக் கடைக்கு நான் ஏன் அத்தனை தடவை போனேன் என்பது புரியாது.

நான் ஔந்தில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். ஹேமாவுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்வதை நிறுத்தி ஐந்தாவது வருடம் நடக்கிறது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள் காலை ஆறரைக்குப் பிம்ப்ரியில் இருக்க வேண்டும். ஆரம்பத்தில் வாடகைக் காரில்தான் போனோம். காலை ஐந்தே முக்காலுக்கு வருகிறேன் என்பான், கடைசி நிமிடத்தில் ரத்து செய்வான். திரும்பும்போது ஹேமா ஒருமுறை வண்டிக்குள் வாந்தி எடுத்தாள். அந்த டிரைவர் எங்களைச் சாங்வி பாலத்துக்கு முன்னால் இறக்கிவிட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகு வாடகைக் கார் வேண்டாம் என்று ஹேமா சொல்லிவிட்டாள். வீட்டில் ஒரு சின்ன கார் இருந்தது. பதினெட்டு வயது. ஓடாமல் கீழே தூசி படிந்து கிடந்தது. அதைத் துடைத்து எடுத்தேன்.

ஓடியது. ஆனால் நின்றது. சிக்னலில் பிரேக் போட்டுக் காத்திருக்கும்போது இரண்டு முறை குலுங்கும், அப்புறம் சத்தமில்லாமல் அணைந்துவிடும். மழைக்காலத்தில் ரொம்ப மோசம். மெக்கானிக் பிளக் மாற்ற வேண்டும் என்றார், கசார்வாடியில் வாங்கி வரச் சொன்னார். அப்படித்தான் அக்காவின் கடைக்குப் போனேன். வழக்கம்போலப் பழசைக் கேட்டுத் திருப்பி அனுப்பினார். நான் வாய்க்குள் தமிழில் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்துவிட்டது. "திட்டுறதுன்னா சத்தமாத் திட்டுங்க தம்பி. இந்த ரோட்டுல தமிழ்ல திட்டு வாங்கி எம்புட்டு நாளாச்சு" என்றார். நான் வெட்கத்தோடு போய்ப் பழைய பிளக்கை எடுத்து வந்தேன்.

புது பிளக் போட்டதும் மூன்று வாரம் நன்றாக ஓடியது. மறுபடி நின்றது. மறுபடி நான்கு பிளக். மறுபடி மூன்று வாரம். இப்படி மூன்று முறை ஆனது. நான்காவது முறை போனபோது அக்கா கொடுக்க மாட்டேன் என்றார்.

அன்று எனக்கு இருந்த மனநிலையைச் சொல்லிவிடுகிறேன். முந்தின நாள் டயாலிசிஸ் முடிந்து வரும்போது பாட்டா சிக்னலில் வண்டி நின்றுவிட்டது. நல்ல மழை. பின்னால் பஸ், அதற்குப் பின்னால் ஊரே நின்று ஹாரன் அடித்தது. சாவியைத் திருப்பித் திருப்பிக் கை வலித்தது. பின்சீட்டில் சாய்ந்திருந்த ஹேமா, "நான் வேணா இறங்கிக்கட்டுமா?" என்று கேட்டாள். அவள் இறங்கி என்ன ஆகப் போகிறது? ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னாள். நான், "இறங்கித் தொலை" என்றேன். அவள் உண்மையிலேயே கதவைத் திறந்துவிட்டாள். கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. நான் எட்டி அந்தக் கதவைச் சாத்தினேன். அதற்கப்புறம்தான் வண்டி பிடித்தது.

ஆகவே கடையில் நின்றபோது எனக்குப் பொறுமை இல்லை. அக்கா என்னுடைய பழைய பிளக் நான்கையும் ஒரு செய்தித்தாளின் மேல் வரிசையாக வைத்தார். இரண்டின் நுனி பிஸ்கட் நிறத்தில் இருந்தது. இரண்டு கரியாக இருந்தன. "ரெண்டு பேரு வேலை பாக்குதாங்க. ரெண்டு பேரு சும்மா உக்காந்திருக்காங்க. பிளக்கு மேல குத்தம் இல்ல தம்பி. கரண்டு அதுக்கு வந்து சேரல" என்றார். எனக்குப் பாடம் வேண்டாம், பிளக்கைக் கொடுங்கள் என்றேன். அவர் கொடுக்கவில்லை. அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். முந்தின நாள் சிக்னலில் நடந்ததைச் சொல்லிவிட்டு, கூடவே இதையும் சொன்னேன்.

"ஒருத்தர் உயிரோட இருக்கறதுக்காக இன்னொருத்தர் செத்துக்கிட்டே இருக்கணும் போல, அக்கா."

அவர் நான்கு பிளக்கையும் தாளில் சுருட்டி என் கையில் கொடுத்தார். பிறகு, வீட்டில் வண்டி நிறுத்துகிற இடம் இருட்டாக இருக்குமா என்று கேட்டார்.

மறுநாள் மதியம், கடையை அடைத்துவிட்டு ஒரு ஆட்டோ பிடித்து எங்கள் குடியிருப்புக்கு வந்தார். ஒரு கடைக்காரர் தன் வாடிக்கைக்காரரின் வண்டியைப் பார்க்க வீடு தேடி வருவது எங்கேயும் நடக்காது. வாட்ச்மேன் அவரை மேலும் கீழும் பார்த்தான். அவர் அவனிடம் மராத்தியில் இரண்டு வார்த்தை பேசினார், அவனே அடித்தளத்து விளக்குகளை அணைத்து வைத்தான். அக்கா பையிலிருந்து எடுத்தது துணி இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கிற பாட்டில். வண்டியை ஓட விட்டு, பானெட்டைத் தூக்கி, என்ஜின் மேல் போகிற நான்கு ஒயர்களின் மேலும் பனி மாதிரி தண்ணீர் அடித்தார்.

அந்த இருட்டில் ஒயர்கள் தெரியவில்லை. ஒயர்கள் போகிற வழி தெரிந்தது. இரண்டு ஒயர்களின் மேல் நீலமாகச் சின்னச் சின்னப் பொறிகள் எறும்பு ஊர்வதுபோல ஓடிக்கொண்டிருந்தன. டிக், டிக் என்று சத்தம் வேறு. வண்டி இரண்டு முறை குலுங்கி அணைந்தது.

"பாத்தியளா. கிளம்புறது நல்லாத்தான் கிளம்புது. போய்ச் சேருறதுக்குள்ள பாதி வழியில ஒழுகிப் போவுது" என்றார். புது பிளக் போட்டால் குறைந்த கரண்டிலேயே கொஞ்ச நாள் சமாளிக்கும், அதனால்தான் மூன்று வாரம் ஓடியிருக்கிறது என்று விளக்கினார். மாற்ற வேண்டியது ஒயர்களை. எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம்போல இருந்தது. என் வாழ்க்கையில் எது கெட்டுப்போயிருக்கிறது என்பதை யாரோ கண்ணுக்குக் காட்டியது எத்தனையோ மாதத்தில் அதுதான் முதல் தடவை.

மேலே வந்து ஒரு வாய் டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று கூப்பிட்டேன். ஹேமா தூங்குகிறாளா என்று கேட்டார். தூங்குகிறாள் என்றேன். முந்தின இரவு சரியாகத் தூங்காததால் அன்று மதியம் படுத்திருந்தாள். "அப்ப வேண்டாம். தூங்கட்டும்" என்றார். நான் டீயைக் கீழே கொண்டுவந்து கொடுத்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டு டம்ளரை அப்படியே வைத்துவிட்டார். காலில் செருப்பின் வாரை அவிழ்த்துவிட்டிருந்தார். தினமும் காலையில் ஹேமாவின் கணுக்காலில் கட்டைவிரலை அழுத்திப் பார்க்கிறவன் நான். பள்ளம் விழுகிறதா, எவ்வளவு நேரத்தில் மேடாகிறது, தண்ணீர் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். அக்காவின் காலைப் பார்த்தேன், செருப்பு இறுக்குகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒயர் மாற்றிய கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அக்கா அதைக் கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார், உங்களில் சிலரும் கேட்டிருப்பீர்கள். வண்டியை ஒருநாள் முழுக்க மெக்கானிக்கிடம் விட என்னால் முடியாது. ஞாயிற்றுக்கிழமை நானே மாற்றிவிடுகிறேன் என்று நான்கு ஒயர் வாங்கிப் போனேன். வங்கிக்காரன் புத்தி எங்கே போகும்? நான்கு பழைய ஒயர்களுக்கும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று சீட்டு எழுதி ஒட்டினேன். ஒவ்வொரு சீட்டிலும் தேதி போட்டுச் சுருக்கக் கையெழுத்தும் போட்டேன். பிறகு நான்கையும் ஒன்றாகப் பிடுங்கினேன். என்ஜின் சூட்டில் பசை உருகி நான்கு சீட்டும் கீழே விழுந்து கிடந்தன. கையெழுத்து மட்டும் தெளிவாக இருந்தது. எந்தச் சீட்டு எந்த ஒயருக்கு என்பது தெரியவில்லை. ஏதோ ஒரு வரிசையில் மாட்டிச் சாவியைத் திருப்பினேன். சைலன்சரில் வெடி வெடித்தது. மாடியிலிருந்து மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை மறுபடி முயன்றும் முடியவில்லை. செவ்வாய்க்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு ஹேமா வண்டியில் இருந்தாக வேண்டும். திங்கள் மதியம் வங்கியிலிருந்து அக்காவுக்குப் போன் செய்தேன். சீட்டு, கையெழுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. "செக்குல போடுற கையெழுத்தை ஒயர்ல போட்டா பாஸாகுமா? நாலு ஒயரும் ஒரே நீளமாவா இருக்கு? நீளமானது தூரத்துல இருக்கிறதுக்கு, குட்டையானது கிட்டத்துல இருக்கிறதுக்கு. அளவெடுத்துத்தான் செஞ்சிருக்கான்" என்றார். மாலை போய் அப்படியே மாட்டினேன். வண்டி முதல் திருப்பலில் பிடித்தது. அடுத்த தடவைக்கும் ஒன்று சொல்லி வைத்தார். "ஒண்ணைக் கழட்டுங்க, அதுக்குண்டானதை மாட்டுங்க, பொறவு அடுத்ததைத் தொடுங்க. எல்லாத்தையும் ஒரே நாள்ல கழட்டிப் போட்டுட்டு உக்காந்தா மனுசனுக்குத் தாங்காது."

செவ்வாய்க்கிழமை போகும்போதும் வரும்போதும் வண்டி எங்கும் நிற்கவில்லை. பாட்டா சிக்னலில் மூன்று நிமிடம் காத்திருந்தோம், ஒரு குலுங்கல்கூட இல்லை. சந்தோஷத்தில் நேரே கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். அக்கா படியிறங்கி வந்தார். பின்சீட்டில் ஹேமா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். டயாலிசிஸ் முடிந்ததும் இரண்டு மணி நேரம் அப்படித்தான் இருப்பாள், முகத்தில் ரத்தமே இருக்காது. அக்கா ஜன்னல் கண்ணாடி வழியாக அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டார்.

"எப்பவும் இப்படித்தான் அக்கா" என்றேன்.

அது பொய். அன்று மாலை ஆறு மணிக்கு ஹேமா எழுந்து முகம் கழுவிக்கொண்டு, மாடி வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். பின்னத்தில் தப்புச் செய்த ஒரு பிள்ளையின் காதைத் திருகிக்கொண்டிருந்தாள். அதை நான் அக்காவிடம் சொன்னதே இல்லை.

அதற்குப் பிறகு வண்டி நிற்காததால் கடைக்குப் போக எனக்குக் காரணம் இல்லை. இருந்தாலும் போனேன். வாரம் ஒருமுறையாவது வங்கி முடிந்து போய் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து புலம்பினேன். சமைப்பதும் நான்தான், காய்கறியைப் பொட்டாசியம் போக இரண்டு தண்ணீரில் வேகவைத்து வடிப்பதும் நான்தான், விடுமுறைக்கு விண்ணப்பம் எழுதி எழுதி மேலாளர் முகத்தில் முழிக்க முடியவில்லை, ஐந்து வருடமாக ஊருக்குப் போகவில்லை. எல்லாம் உண்மை. அக்கா கேட்டுக்கொண்டிருப்பார். இடையில் ஏதாவது கேட்பார். ஊசி எவ்வளவு பெரியது? கூட ஆள் இருந்தே ஆக வேண்டுமா? வேலைக்குப் போகிற பெண்ணாக இருந்தால் சமாளிக்க முடியுமா? நான் ஒவ்வொன்றுக்கும் அலுப்போடு பதில் சொன்னேன். ஆறுதலுக்காகக் கேட்கிறார் என்று நினைத்தேன். எனக்கு ஆறுதலாகவும் இருந்தது.

கடைசி இரண்டு மாதம் கடை பாதி நாள் மூடியிருந்தது. கேட்டபோது, கொஞ்சம் அசதி, மழை நின்றதும் சரியாகிவிடும் என்றார். அசதி என்ற வார்த்தையைக் கேட்டதும் நான் என்னுடைய அசதியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன்.

அடக்கம் முடிந்து பத்து நாள் கழித்துச் சபீனாவைப் பார்க்கப் போனேன். கடைக்கு மேலேயே வீடு. சபீனா பிம்ப்ரியில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். என்ன ஆயிற்று என்று கேட்டேன். கிட்னி என்றாள். ஒன்றரை வருடத்துக்கு முன்பே டாக்டர் சொல்லிவிட்டாராம். ஆறு மாதத்தில் டயாலிசிஸ் ஆரம்பிக்க வேண்டும், ஆரம்பித்தால் நல்லபடியாக இருக்கலாம் என்றும் சொன்னாராம். அக்கா முடியாது என்றுவிட்டார். சபீனா அழுதாள், சண்டை போட்டாள், ஊரிலிருந்து மாமாவை வரவழைத்துப் பேசச் சொன்னாள். எதற்கும் அசையவில்லை. யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

"உங்களைத்தான் சொல்வாங்க அங்கிள். 'பேங்க் தம்பியைப் பாரு. ஒருத்தர் உயிரோட இருக்கறதுக்காக இன்னொருத்தர் செத்துக்கிட்டே இருக்கணும்னு அவரே சொன்னாரு. நீ அப்படி ஆகக் கூடாது'ன்னு. மை க்யா போல்தி?"

தான் என்ன சொல்லியிருக்க முடியும் என்று ஹிந்தியில் கேட்டாள். அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. "அங்கிள், நிஜமாவே அவ்வளவு கஷ்டமா?" என்று கேட்டாள்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அந்தப் பெண்ணை அப்படி விட்டுவிட்டு வந்ததற்காக எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்தபோது ஹேமா சாப்பாட்டு மேஜையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடையில் நான் பேசிய அந்த வாக்கியத்தையும் ஒளிக்காமல் சொன்னேன். ஒளித்துவிடலாமா என்று மாடிப்படி ஏறும்போது யோசித்தது உண்மை.

"நீங்க அப்படிச் சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

"சொன்னேன்."

அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை. அழுவாள், அல்லது எழுந்து உள்ளே போய்விடுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபம் இருந்திருக்கும், இல்லாமலா இருக்கும். ஆனால் அவள் நினைப்பு என்மேல் இல்லை.

"அவங்க வந்த அன்னைக்கு நான் மேலதானே இருந்தேன். எழுப்பியிருக்கலாமே" என்றாள்.

"தூங்கட்டும்னு சொன்னாங்க."

"என்னைக் கேட்டிருக்கலாம். உங்களைக் கேட்டாங்க."

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று கேட்டேன். கையிலிருந்த பீன்ஸை நறுக்கி முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். "வாரத்துல மூணு நாள் போயிடும். மீதி நாலு நாள் எனக்கு இருக்குன்னு சொல்லியிருப்பேன். அந்த நாலு நாளை விட மாட்டேன்னு சொல்லியிருப்பேன். உங்களுக்கு இது எத்தனை கஷ்டம்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சும் விட மாட்டேன்."

ஐந்து வருடம் அவளை ஏற்றி இறக்கியிருக்கிறேன். இப்படி ஒரு பேச்சை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை என்பதுதான் நிஜம்.

மறுநாள் ஹேமாவே சபீனாவுக்குப் போன் செய்தாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

ரஹ்மத் அக்கா போன பிறகு என்னிடம் தங்கியிருப்பது ஒரே ஒரு பழக்கம். ஹேமா எப்படி இருக்கிறாள் என்று யாராவது விசாரித்தால் நான் பதில் சொல்வதில்லை, போனை அவள் கையில் கொடுத்துவிடுகிறேன். போன வாரம் சிஞ்ச்வட்டிலிருந்து ஒரு அம்மாள் டயாலிசிஸ் சென்டரில் என் நம்பர் வாங்கிக் கூப்பிட்டார். தனக்கு டயாலிசிஸ் ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறார்கள், வீட்டில் இருப்பவர்களுக்கு ரொம்பப் பாரமாகிவிடுமா என்று என்னிடம் கேட்டார். ஒரு நிமிடம் இருங்கள் என்றேன். ஹேமா போனை வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போனாள். நாற்பது நிமிடம் பேசினாள், நடுவில் இரண்டு முறை சிரித்தாள். நான் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த நாற்பது நிமிடம் ரஹ்மத் அக்காவுக்குச் சேர வேண்டியது.